அத்தியாயம் 7: பள்ளிப் புத்தகக் கட்டும் நுகர்வோர் புகாரும்

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு சீட்டைப் பற்றியது. மே கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ பள்ளி அலுவலக ஜன்னலில் பணம் கட்டியதும் கையில் ஒன்று தருவார்களே, அதுதான். பிள்ளையின் பெயர், வகுப்பு, ‘புக்ஸ் அண்ட் நோட்ஸ்’ என்று ஒரு வரி, பக்கத்தில் மொத்தத் தொகை, கீழே யாருடையது என்று தெரியாத ஒரு கையெழுத்து. சில இடங்களில் அதுவும் கிடையாது. டைரியின் கடைசிப் பக்கத்தில் ‘பெய்டு’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

அச்சரப்பாக்கமோ மதுராந்தகமோ, எந்த ஊர் ஜன்னலிலும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“சார், தமிழ், கணக்கு ரெண்டும் பெரியவளோடது நல்லாவே இருக்கு. மத்த புக் மட்டும் குடுங்க சார்.”

“அப்படிப் பிரிச்சுத் தர மாட்டோம்மா. செட்டாத்தான் வாங்கணும்.”

“சரி, பில்லாவது தனித்தனியா போட்டுக் குடுங்க.”

“சிஸ்டம்ல ஒரே ஐட்டமாத்தான்மா வரும்.”

அலுவலக ஊழியர் சொன்ன இரண்டு பதில்களுக்கும் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(41), ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. விற்ற பொருளுக்கு முறையான பில் தராமல் இருப்பது பிரிவு 2(47)இன் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் பில் தராததற்கென்று இப்படி ஒரு தனி வரி இருக்கவில்லை. புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதுதான் வந்தது. ஆகவே முதல் வேலை, ஜன்னலை விட்டு நகருமுன் பில் கேட்பது. தரவில்லை என்றால், கேட்டும் தரவில்லை என்பதைப் பள்ளியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். கோபமாக எழுத வேண்டாம். “இன்று வகுப்பு 6 புத்தகக் கட்டுக்கு இவ்வளவு ரூபாய் கட்டினேன், தனித்தனி விலை போட்ட பில் கேட்டேன், கிடைக்கவில்லை, அனுப்பி வைக்கவும்” என்றால் போதும். ஜிபே, போன்பே மூலம் கட்டியிருந்தால் பணம் யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். பள்ளியின் பெயரா, அறக்கட்டளையின் பெயரா, வெளியே உள்ள ஏதோ ஒரு ஏஜென்சியின் பெயரா? இந்தக் கேள்விக்கான விடையில்தான் பின்னால் வழக்கே நிற்கும். ஏன் என்று பார்ப்போம்.

கல்வி ‘சேவை’யா?

நுகர்வோர் ஆணையத்தில் பள்ளிக்கு எதிராக எதைக் கொண்டுபோனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தக் கேள்வியைத்தான். இதில் பள்ளிகளின் கை ஓங்கியிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேர்வு நடத்தும் வாரியம் சேவை விற்பதில்லை என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம் எதிர் சுர்ஜீத் கௌர் வழக்கிலும் அதே போக்கு. 2012இல் பி.டி. கோஷி வழக்கில் கல்வி ஒரு சரக்கு அல்ல, கல்வி நிறுவனங்கள் சேவை வழங்குவோர் அல்ல என்று சின்ன உத்தரவு ஒன்று வந்தது. ஆனால் 2015இல் பி. சீனிவாசுலு வழக்கில் இதற்கு மாறாக, கல்வி நிறுவனங்களும் சட்டத்துக்குள் வரும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு பக்கமும் காட்டத் தீர்ப்பு இருப்பதால் கீழே உள்ள ஆணையங்கள் பல ஆண்டுகள் இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்துவந்தன.

2020 ஜனவரி 20 அன்று தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு, நம்முடைய சேலத்து விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் எதிர்த்தரப்பாக இருந்த மனு சோலங்கி வழக்கில் ஒரு கோடு போட்டது. கல்வி தரும் நிறுவனங்கள் சட்டத்துக்கு வெளியே. சேர்க்கைக்கு முன்னும் பின்னும் நடப்பவை, சுற்றுலா, விளையாட்டு, நீச்சல் போன்றவையும் வெளியே. கோச்சிங் சென்டர்கள் மட்டும் உள்ளே. இதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது. சட்டக் கல்லூரிகளில் இதை வைத்து நிறைய விவாதம் நடக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை எப்படிச் சேவை ஆகாமல் போகும் என்பது ஒரு கட்சி. ஆசிரியர் மாணவர் உறவைக் கடைக்காரர் வாடிக்கையாளர் உறவாக்கினால் மதிப்பெண் குறைந்ததற்கெல்லாம் நஷ்டஈடு கேட்பார்களே என்பது மறு கட்சி. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் டாக்டர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த உச்ச நீதிமன்றம், 2024 மே 14இல் வக்கீல்களை வெளியே விட்டது. எது சேவை, எது இல்லை என்பது இன்னும் அடங்காத சண்டை. என் சொந்தக் கருத்து முதல் கட்சியின் பக்கம். ஆனால் அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய் மனுப் போடப்போகும் ஒரு தாய்க்கு என் கருத்தால் பயனில்லை. அந்தச் சண்டையில் சிக்காமல் மனு எழுதும் வழிதான் அவருக்கு வேண்டும்.

வழி இருக்கிறது. சட்டம் நுகர்வோரை இரண்டு விதமாகப் பார்க்கிறது: பணம் கொடுத்துப் பொருள் வாங்குபவர், பணம் கொடுத்துச் சேவை பெறுபவர். மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லாம் இரண்டாவது வகையைப் பற்றியவை. புத்தகமும் நோட்டும் பொருள்கள். அவற்றை விற்றவர், அது பள்ளியே ஆனாலும், அந்த விற்பனையின் அளவில் வியாபாரி என்று வாதாட இடமுண்டு. எனவே மனுவில் ‘கல்வித் தரம்’, ‘பிள்ளையின் எதிர்காலம்’, ‘மன உளைச்சல்’ என்று பக்கம் நிரப்பாதீர்கள். பணத்தை ஏஜென்சி வாங்கியிருந்தால் அதை முதல் எதிர்த்தரப்பாகவும் பள்ளி நிர்வாகத்தை இரண்டாவதாகவும் சேருங்கள். ஏஜென்சியால் கல்விப் போர்வை போர்த்திக்கொள்ள முடியாது. பள்ளியே நேரடியாக விற்றிருந்தால் வாதம் கொஞ்சம் கடினம். சேர்க்கைக்குப் பின் நடப்பது எல்லாமே வெளியே என்று மனு சோலங்கியை நீட்டுவார்கள். அந்தத் தீர்ப்பு பொருள் விற்பனையைப் பற்றிப் பேசவில்லை என்பதும், விலைக்கு மேல் வாங்கியது கல்வியின் பகுதி ஆகாது என்பதும் உங்கள் பதிலாக இருக்க வேண்டும்.

கட்டைப் பிரித்துப் பார்த்தல்

வீட்டுக்கு வந்ததும் அட்டை போடுவதற்கு முன்னால் கட்டைத் தரையில் பிரித்து வையுங்கள். பிரவுன் அட்டை போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால் பாதிச் சான்று மறைந்துவிடும். மெட்ரிக் பள்ளியாக இருந்தால் முதல் அடுக்கு சமச்சீர்ப் பாடநூல்கள். அச்சிட்டது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். 1970இல் பாடநூல் நிறுவனமாகத் தொடங்கியது இது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதன் நூல்கள் இலவசம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலை உண்டு, ஆனால் விலை நூலிலேயே அச்சாகியிருக்கும். கழகத்திடம் நேரடியாகவும் வாங்கலாம். இணையத்தில் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகவும் கிடைக்கிறது. இந்த அடுக்கில் யாரும் அதிகம் கைவைப்பதில்லை.

கைவைப்பது இரண்டாம் அடுக்கில். பொது அறிவு, கம்ப்யூட்டர், கையெழுத்துப் பயிற்சி, நன்னெறி, அபாகஸ் என்று வழவழ அட்டையில் தனியார் பதிப்புகள். கட்டின் எடையில் இவை கொஞ்சம், விலையில் நிறைய. பின்அட்டையின் கீழ் மூலையில் பார்கோடுக்குப் பக்கத்தில் விலை இருக்கும். அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். சுரண்டினால் “நீங்களே ஒட்டியது” என்று சொல்ல இடம் கொடுத்ததாக ஆகும். பின்அட்டையின் உட்புறத்தில் போன் டார்ச்சை அடித்து வெளிப்புறத்தைப் படம் எடுங்கள். மெல்லிய அட்டையாக இருந்தால் ஸ்டிக்கருக்கு அடியில் உள்ள எண் மங்கலாகத் தெரியும். கனமான அட்டை என்றால், அதே நூலை அதே பதிப்பகத்தின் விலைப்பட்டியலிலோ இணையக் கடையிலோ பார்த்து விலையோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். எண் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணே இல்லாத, பதிப்பகத்தின் முகவரியும் இல்லாத ‘நூல்’ கையில் கிடைத்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தனியாகப் படம் எடுங்கள். 2024 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் மாவட்ட நிர்வாகம் 11 தனியார் பள்ளிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது புத்தக வியாபாரிகளும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே விசாரணைக்கு வந்தவற்றில் இந்த ஐ.எஸ்.பி.என். விவகாரமும் ஒன்று.

பொருளின் மேல் காட்டிய விலைக்கு அதிகமாக வாங்குவது பிரிவு 2(6)இன்படியே புகாருக்குப் போதுமான காரணம். வேறு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அச்சிட்ட விலையும் கட்டிய பணமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். அதனால்தான் ‘ஒரே ஐட்டமாக வரும்’ என்கிறார்கள்.

மூன்றாம் அடுக்கு நோட்டுகள். பள்ளியின் பெயரும் சின்னமும் போட்ட நோட்டுதான் வேண்டும் என்பார்கள். பக்க எண்ணிக்கை, அளவு, அதிகபட்ச விலை மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி விலையை ஏற்றுவதற்கு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. பில்லில் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நோட்டுக்கு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கும் வரி இல்லை. அந்தத் தேதிக்குப் பின் வாங்கிய நோட்டின் பில்லில் வரி என்று ஒரு வரி இருந்தால், கணக்குப் பிள்ளையின் கவனக்குறைவோ வேறெதுவோ, கேட்டு வாங்க வேண்டிய பணம் அது.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இன்னொரு சங்கதியும் உண்டு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், எம். புருஷோத்தமன் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றார். செய்தியில் அது மட்டும்தான் பெரிதாக வந்தது. அதே உத்தரவில் என்.சி.இ.ஆர்.டி. வகுத்தபடி ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும் மட்டுமே, மூன்று முதல் ஐந்து வரை அவற்றோடு சூழ்நிலையியல் மட்டுமே பாடமாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் கட்டில் கம்ப்யூட்டர் புத்தகம் இருந்தால் இந்த உத்தரவைக் காட்டி ஏன் என்று கேட்கலாம். பையின் எடைக்கும் அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அளவு சொன்னது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.5 கிலோ, பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ.

புத்தகத்தின் உள்ளே இருப்பது வேறு வழக்கு

பெற்றோர் கூட்டங்களில் இரண்டு புகார்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். “இந்தப் புத்தகத்தைத்தான் வாங்கணும்னு கட்டாயப்படுத்துறாங்க” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “அந்தப் பாடத்தை ஏன் எடுத்தாங்க?” என்று இன்னொருவர் தொடர்வார். முதலாவதுக்கு நுகர்வோர் ஆணையம். இரண்டாவதுக்கு அங்கே இடமே இல்லை. பாடத்தில் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதை அரசு முடிவு செய்கிறது. அதில் குறை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான்.

2011இல் தமிழ்நாடே பார்த்த விஷயம் இது. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டப்படி அச்சாகித் தயாராக இருந்த பாடநூல்களை, மே மாதம் ஆட்சிக்கு வந்த புதிய அரசு ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து நிறுத்திவைத்தது. பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஜூலை 18இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசு எதிர் கே. ஷியாம் சுந்தர் வழக்கில் ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, பத்து நாளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நூல்கள் வந்தபோது சில பக்கங்களில் அரசு ஆட்சேபித்த பகுதிகளின்மேல் தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அதை எவ்வளவு ஆர்வத்தோடு பிரித்துப் படித்தார்கள் என்பதை அந்த வருடம் வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்த எவரும் சொல்வார்கள். மறைத்த பக்கத்தைப் போல வாசகரை இழுப்பது எது? அடுத்த ஆண்டே, 2012இல், என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச்சித்திரத்தை நீக்கக் கோரித் தமிழ்நாட்டுத் தலைவர்கள் குரல் எழுப்பினார்கள்.

இந்தச் சண்டைகள் பெரியவை, தேவையானவை. ஆனால் இவற்றை உங்கள் 300 ரூபாய் பில்லோடு சேர்த்து ஒரே மனுவில் எழுதினால் இரண்டும் கெடும்.

எந்தக் கதவைத் தட்டுவது

அச்சரப்பாக்கத்தில் குடியிருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தெற்கே கொஞ்ச தூரம் போனால் திண்டிவனம், அதாவது விழுப்புரம் மாவட்டம். பிள்ளை திண்டிவனத்துப் பள்ளியில் படித்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து நுகர்வோர் புகாரைச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 2019 சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. கல்வித் துறைக்கு எழுதும்போது மட்டும் பள்ளி இருக்கும் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பணம் திரும்ப வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். ‘புக் ஃபீஸ்’ என்ற பெயரில் அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அது 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் எழுதுங்கள். 2022 முதல் தனியார் பள்ளிகளுக்கென்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணம் தெரியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த அலுவலகத்திடம் நகல் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நோட்டின் விலை ஸ்டிக்கர் பற்றிய புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில். அரசுப் பள்ளியில் இலவசப் புத்தகம் வரவில்லை என்றால் நீங்கள் பணம் கொடுக்காததால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள். 14417க்கு போன் செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளை என்றால் அந்தச் சட்டத்தின் விதிகளே பாடநூல், எழுதுபொருள், சீருடை மூன்றும் இலவசம் என்கின்றன.

ஒரு பள்ளியில் பத்துப் பெற்றோருக்கு இதே கதை என்றால் கலெக்டரிடம் போகலாம். பிரிவு 16இன்படி பல நுகர்வோருக்குப் பொதுவான உரிமை மீறலை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முதன்மைக் கல்வி அலுவலருக்கே திரும்பும். திரும்பட்டும். அந்த மனு எண்ணும் தேதியும் பின்னால் ஆணையத்தில் உதவும்.

முதலில் ஒரு கடிதம்

நேரே வழக்குக்கு ஓடாதீர்கள். 1915க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்து வைக்கலாம், இலவசம். ஆனால் கடிதத்துக்கு ஈடு இல்லை. வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

“பெறுநர்: தாளாளர், (பள்ளியின் பெயர், முகவரி). நகல்: (ஏஜென்சியின் பெயர், முகவரி). என் மகள் தங்கள் பள்ளியில் 6ஆம் வகுப்பில் படிக்கிறாள். (தேதி) அன்று புத்தகக் கட்டுக்காக ரூ. (தொகை) செலுத்தினேன். கட்டில் உள்ளவற்றின் அச்சிட்ட விலைகளின் கூட்டுத்தொகை ரூ. (தொகை). பட்டியல் இணைத்துள்ளேன். முன்பே எங்களிடம் இருந்த இரண்டு நூல்களைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் தரக் கேட்டபோது மறுக்கப்பட்டது. தனித்தனி விலையுடன் பில்லும் தரப்படவில்லை. அதிகமாகப் பெற்ற ரூ. (தொகை), தேவையில்லாமல் வாங்கிய இரண்டு நூல்களின் விலை ரூ. (தொகை) ஆகியவற்றை 15 நாளுக்குள் திருப்பித் தரவும், முறையான பில் தரவும் கோருகிறேன். அந்த இரண்டு நூல்களும் எழுதப்படாமல், அட்டை போடப்படாமல் என்னிடம் உள்ளன. திருப்பித் தரத் தயார்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். புத்தகத்தைப் பயன்படுத்திக்கொண்டே பணத்தையும் கேட்கிறீர்கள் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஒப்புகைச் சீட்டோடு கேட்டு வாங்குங்கள், டெலிவரி ஆன விவரத்தை அஞ்சல் துறை இணையதளத்திலிருந்து அச்செடுத்து வையுங்கள். கொஞ்ச நாளில் அது அங்கிருந்து மறைந்துவிடும்.

என் அனுபவத்தில் பாதி விவகாரம் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. “வாங்கம்மா, பேசிக்கலாம்” என்று போன் வரும். போங்கள். பணம் தந்தால் வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளையை வைத்து மிரட்டுவார்களோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அதை அசட்டுப் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் இரண்டு ஆண்டு தருகிறது. ஜூனில் வாங்கிய கட்டுக்கு அடுத்த ஏப்ரல் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பிறகும் மனுப் போடலாம். படமும் கடிதமும் மட்டும் அந்தந்த நேரத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். கட்டணப் பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சில பெற்றோர் சேர்ந்தும் போடலாம். பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பு ஒன்று தன் பெயரிலேயே போடவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது பிள்ளையின் பெயர் முன்னால் நிற்காது.

மனுவும் விசாரணையும்

கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். வேண்டும் என்றால் மதுராந்தகம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே மனுவைத் தாயின் பெயரில் போடுவது நல்லது. 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். வீட்டிலிருந்தே போட வேண்டுமானால் 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் போடலாம். போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்கேன் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. நேரில் கொடுப்பதானால் ஆணையத்துக்கு மூன்று தொகுப்பு, எதிர்த்தரப்பினர் எத்தனை பேரோ அத்தனை கூடுதல் தொகுப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முன்னால் ஆவணப் பட்டியல் ஒன்று வைத்துத் தையுங்கள். செங்கல்பட்டுப் பாசஞ்சரிலேயே போய் வந்துவிடலாம்.

21 நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று ஆணையம் பொதுவாக முடிவு செய்யும். இந்தக் கட்டத்தில்தான் ‘கல்வி சேவையல்ல’ என்ற கேள்வி முதலில் வரும். மனுவின் முதல் பத்தியிலேயே “இது பொருள் விற்பனை பற்றிய புகார்” என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏற்ற பிறகு எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். கூடப்போனால் 15 நாள். 45க்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் ஹில்லி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. 46ஆம் நாள் பதில் வந்தால் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். யாரும் உங்களுக்காகச் சொல்லமாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று இருக்கிறது. வாய்தாக்களை மனத்தில் வைத்து ஒரு வருடத்துக்குத் தயாராக இருங்கள். நடுவில் சமரச மையத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். இந்த மாதிரிச் சின்னத் தொகை வழக்குகள் அங்கேதான் சீக்கிரம் முடிகின்றன.

என்ன கேட்பது? கூடுதலாக வாங்கிய பணம், வழக்குச் செலவு, நியாயமான ஒரு நஷ்டஈடு. ஐந்து லட்சம் கேட்டால் ஐந்து லட்சம் கிடைக்காது, மனுவின் மேல் உள்ள நம்பிக்கைதான் போகும். அதைவிட முக்கியமான கோரிக்கை ஒன்று இருக்கிறது. இந்த நடைமுறையை நிறுத்த வேண்டும், திரும்பச் செய்யக் கூடாது என்று உத்தரவிடப் பிரிவு 39இன் கீழ் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைத் தனிக் கோரிக்கையாக எண் போட்டுக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தருவது அபூர்வம்.

தீர்ப்பு சாதகமாக வந்தால் சான்றிட்ட நகலை இலவசமாக வாங்கிக்கொண்டு 45 நாள் காத்திருங்கள், அவர்கள் மேல்முறையீடு செய்யக் கெடு அது. சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். போகவும் இல்லை, பணமும் தரவில்லை என்றால் அதே செங்கல்பட்டு ஆணையத்தில் நிறைவேற்று மனு. உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72இல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நிறைவேற்று மனுவுக்கான மாதிரிப் படிவம் இந்நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதில் ‘உத்தரவுத் தேதி’ என்ற கட்டத்தில் தீர்ப்பு சொன்ன தேதியை எழுத வேண்டும், நகல் கைக்கு வந்த தேதியை அல்ல.